புரட்டாசிக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும்? வீட்டிலேயே ஓடும் பட்ஜெட் மென்பொருள்களில் எதை எடுப்பது

நீடாமங்கலம் பக்கம், மூணாறு தலைப்பில் பிரிந்து வரும் பாமணியாற்றுப் பாசனத்தில் அக்கா வீட்டுக்கு ஐந்து ஏக்கர். ஊர்க் கணக்கில் பதினைந்து மா. அத்தான் வயலைப் பார்க்கிறார், அக்கா கணக்கைப் பார்க்கிறாள். பால் சொசைட்டிப் பணம், பள்ளிக் கட்டணம், உரக்கடை பாக்கி, கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடன் எல்லாம் அவள் நோட்டில் தேதியோடு இருக்கும். அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு செலவுக் கணக்கு ஆப்பை போனில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னது இது:

"தம்பி, பணம் எங்க போச்சுன்னு எனக்கே தெரியும்டா. புரட்டாசிக் கடைசியில கையில எவ்வளவு நிக்கும்னு சொல்ற மாதிரி ஏதாச்சும் இருந்தா சொல்லு."

அவள் கேட்டது நியாயமான கேள்வி. மாதச் சம்பளக்காரருக்குப் பணம் சீராக வருகிறது, செலவுதான் ஏறி இறங்குகிறது. டெல்டாவில் நெல் போடும் வீட்டுக்கு அப்படியில்லை. ஆனியிலும் ஆடியிலும் பணம் வயலுக்குள் இறங்கிவிடும். குறுவை நெல்லுக்கான பணம் வருவதற்குள், அதே வயலில் அடுத்துப் போடும் தாளடிக்கு உழவு ஓட்டியாக வேண்டும். அந்த இடைவெளி பத்து நாளா, ஒரு மாதமா என்பதில்தான் நகை வீட்டில் இருக்குமா, அடகுக்குப் போகுமா என்பது அடங்கியிருக்கிறது. அக்காவின் கேள்வியை அளவுகோலாக வைத்துக்கொண்டு, நம் வீட்டுக் கணினியிலேயே ஓட்டக்கூடிய மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

வீட்டிலேயே ஓட்ட வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. இலவச ஆப்கள் பலவும் போனின் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கின்றன. எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி, எந்த வங்கியில் எத்தனை பவுன் என்பதெல்லாம் நம் வீட்டுக்குள் இருக்க வேண்டிய விஷயம். வங்கிக் கணக்கோடு தானாக இணைவது இங்கே எதிலும் கிடைக்காது. வெளிநாட்டு மென்பொருள்களில் உள்ள இணைப்பு பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வங்கிகளுக்கானது. நம் ஒப்புதலோடு வங்கித் தகவலைப் பகிரும் நம் நாட்டின் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறையில் தகவல் கேட்டு வாங்க ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிதி நிறுவனங்களால்தான் முடியும், தனி ஆளால் முடியாது. அதனால் எதை எடுத்தாலும் கையால் எழுதத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எல்லா மென்பொருளிலும் இதையேதான் போட்டுப் பார்த்தேன்.

ஜூன் 1 அன்று கையில் 1,90,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி பால் பணம் 6,000 வரவு, வீட்டுச் செலவு 16,000. ஜூனில் பள்ளிக் கட்டணம் 22,000. குறுவைக்கு உழவு, நாற்றங்கால், நடவு எல்லாம் சேர்த்து 60,000. ஜூலையில் உரமும் களையெடுப்பும் 40,000. செப்டம்பர் 27 வாக்கில் அறுவடை இயந்திரத்துக்கு 25,000. அக்டோபர் 10-க்குள் தாளடிக்கு முதல் கட்டமாக 60,000.

வரவு என்று பார்த்தால் மாவுக்கு 60 கிலோ மூட்டை பன்னிரண்டு. பதினைந்து மாவுக்கு 180 மூட்டை, அதாவது 108 குவிண்டால். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் 40 கிலோ சிப்பமாகச் சொன்னால் 270. 2025-26 கொள்முதல் பருவத்தில் சன்ன ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். ஆக 2,74,860.

செலவையெல்லாம் கழித்துக்கொண்டே வந்தால் செப்டம்பர் 27 அன்று கையில் 3,000 ரூபாய்தான். நெல் பணம் அக்டோபர் 3-இல் வங்கியில் ஏறிவிட்டால் 10-ஆம் தேதி தாளடிச் செலவுக்குப் பிறகும் 2,07,860 நிற்கும். அதே பணம் 23-ஆம் தேதி வந்தால்? அறுத்த நேரத்தில் மழை பிடித்து, ஈரப்பதம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்துக்கு மேலே போய், நெல்லைக் கொட்டிக் காயவைத்துக் காத்திருக்கும் இருபது நாள் நம் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. அப்படியானால் அக்டோபர் 10 அன்று இருப்பு மைனஸ் 67,000. வருஷ மொத்த வரவும் செலவும் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. மாறியது ஒரே ஒரு தேதி.

ஆகவே எனக்கு வேண்டியவை இரண்டு. இருப்பு எந்த நாளில், எவ்வளவு ஆழத்தில் தரைதட்டுகிறது என்று மென்பொருள் காட்ட வேண்டும். ஒரு தேதியைத் தள்ளிப்போட்டால் மீதியெல்லாம் தானாகத் தள்ளிக் கணக்கிட வேண்டும். வண்ணப்படம், நட்சத்திரக் குறி, சேமிப்பு இலக்குக்குப் பாராட்டு இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எக்செல் மாதிரி அட்டவணை

லிப்ரேஆபீஸ் கால்க்கில் தேதி, விவரம், தொகை, இருப்பு என்று நான்கு பத்தி போட்டால் அரை மணி நேரத்தில் விடை வந்துவிடும். அக்காவுக்கு விளக்கவே தேவையில்லை, அது அவள் நோட்டுதான். ஐந்தாறு வரவு, பத்துப் பதினைந்து செலவு மட்டும் உள்ள வீட்டுக்கு இதற்கு மேல் தேட வேண்டாம் என்றே சொல்வேன்.

சிக்கல் இரண்டாம் மாதத்தில் தொடங்குகிறது. நடந்ததும் நடக்கப் போவதும் ஒரே தாளில் கலந்துவிடும். தேதியை மாற்றினால் வரிசையை மறுபடி அடுக்க வேண்டும், அடுக்கும்போது ஏதாவது ஒரு கட்டத்தில் சூத்திரம் உடையும். கருவிகளுக்கு இடையே கோப்பை ஒத்திசைக்கும் சின்திங்கைப் போட்டு இரண்டு போனுக்கும் கோப்பைப் பகிர்ந்தோம். அவளும் நானும் ஒரே நேரத்தில் திருத்தியபோது முரண்பட்ட நகல் என்று இன்னொரு கோப்பு உருவாகிவிட்டது. எது சரியான கணக்கு என்று தேடுவதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஆக்சுவல் பட்ஜெட்

இப்போது பலரும் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். முதலில் கட்டண மென்பொருளாக இருந்து, 2022-இல் திறமூலமானது, அதாவது அதன் நிரலை யாரும் எடுத்து ஓட்டலாம் என்றானது. மென்பொருளைப் பொட்டலமாக நிறுவும் டாக்கர் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் நிறுவிவிடலாம், தனியாகத் தரவுத்தளம் எதுவும் வேண்டாம். பழைய லேப்டாப்பிலேயே லேசாக ஓடுகிறது. திரை அழகு. போனில் நன்றாக இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது, கணக்கின் நகல் ஒவ்வொரு கருவியிலும் இருப்பது. சர்வர் அணைந்து கிடந்தாலும் பிரவுசரில் எழுதிக்கொண்டே இருக்கலாம், மின்சாரம் வந்ததும் சேர்ந்துகொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் இதன் அடிப்படை எண்ணம் உறை முறை. கையில் இருக்கும் பணத்தை மட்டும் உறை உறையாகப் பிரி, இன்னும் வராத பணத்தைப் பிரிக்காதே என்கிறது. நல்ல ஒழுக்கம்தான். மாதச் செலவு கை மீறும் வீட்டுக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. மொத்தமாக வரும் நெல் பணத்தை அடுத்தடுத்த மாதங்களுக்கு ஒதுக்கி வைக்கவும், அக்டோபருக்குள் 60,000 சேர்க்க மாதம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று பார்க்கவும் இதில் வழி இருக்கிறது. வரப்போகும் பணத்தையும் செலவையும் அட்டவணையாகப் பதிந்து வைக்கலாம். ஆனாலும் ஆறு மாதத்துக்கு நாள்வாரியாக இருப்பை ஓட்டிக் காட்டி, 'இந்த நாளில் தரைதட்டும்' என்று சொல்வது அதன் இயல்பான வேலையாக இருந்ததில்லை. நெல் பணம் 3-ஆம் தேதியா, 23-ஆம் தேதியா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் இன்னொரு பட்ஜெட் கோப்பே உருவாக்க வேண்டியிருந்தது.

நிறுவுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதே கணினியில் திறந்தால் பிரச்சினையில்லை. வேறு போனிலிருந்து திறக்க எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு கட்டாயம், இல்லையென்றால் பக்கம் வேலை செய்யாது. நம் கருவிகளை மட்டும் தனி வலையாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒன்றைப் போட்டு அதன் சான்றிதழையே பயன்படுத்தினால் சுலபமாக முடியும்.

ஃபயர்ஃப்ளை த்ரீ

இது முழுமையான இரட்டைப் பதிவுக் கணக்கு, ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து எங்கே போனது என்று இரு பக்கமும் எழுதுவது. எந்தப் பதிவை எந்த வகையில் சேர்ப்பது என்று விதி எழுதி வைக்கலாம், தொடர் பதிவுகள் உண்டு, உண்டியல் உண்டு, பல நாட்டு நாணயங்களும் உண்டு. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை பக்கம் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஆள் இருக்கும் வீடுகளுக்கு அந்தக் கடைசி விஷயம் பெரிது. திர்ஹாமையும் வெள்ளியையும் ரூபாயையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். ஆக்சுவல் ஒரே நாணயத்தோடு நின்றுவிடுகிறது.

ஆனால் பராமரிப்பு கூடுதல். வழக்கமாக தரவுத்தளத்தைத் தனியாக ஓட்ட வேண்டும். கோப்பிலிருந்து பதிவுகளை இறக்குமதி செய்யும் கருவி இன்னொரு தனி மென்பொருள். தொடர் பதிவுகள் உருவாக குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை ஒன்று தினமும் ஓடியாக வேண்டும், அது ஓடாவிட்டால் பதிவு உருவாகாது. இத்தனையும் செய்த பிறகு அது சிறப்பாகச் சொல்வது நடந்து முடிந்த கதையை. அக்கா கேட்டது நடக்கப் போகும் கதை. ஒரு சிறு நெல் வியாபாரமோ உரக்கடையோ நடத்துபவர் கணக்கு வைக்க இதை எடுக்கலாம். எங்கள் வீட்டுக்கு இது அதிகம்.

எச்லெட்ஜர்

பார்ப்பதற்கு எளிமையே இல்லாத ஒன்றை இந்த வரிசையில் சேர்க்கிறேன். ஆனாலும் அக்காவின் கேள்விக்கு நேராக விடை சொன்னது இதுதான். 2007-இல் சைமன் மைக்கேல் தொடங்கியது, இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கணக்கு முழுவதும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. எந்த எடிட்டரிலும் திறக்கலாம், அச்சடித்து நோட்டில் ஒட்டலாம், மென்பொருளே நாளை இல்லாமல் போனாலும் கணக்கு கண்ணால் படிக்கக்கூடியதாக இருக்கும். மேபி ஃபைனான்ஸ் என்ற பிரபலமான திட்டம் 2025-இல் நிறுத்தப்பட்டதையும், அதன் நிரலை வேறு சிலர் ஷ்யூர் என்ற பெயரில் எடுத்து நடத்துவதையும் பார்த்த பிறகு, கோப்பு நம் கையில் படிக்கும்படி இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். 'செலவு:குறுவை:நடவு' என்று எழுதினால் அப்படியே எடுத்துக்கொள்கிறது. கணினியின் மொழி அமைப்பு யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரூபாய் மட்டுமில்லை, நெல் மூட்டையையும் ஒரு சரக்காகக் கணக்கு வைக்கலாம். விதைக்கு எடுத்து வைத்தது எத்தனை மூட்டை, வீட்டுச் சாப்பாட்டுக்கு எத்தனை, கொள்முதலுக்குப் போனது எத்தனை என்று மூட்டையாகவே இருக்கும். டெல்டா வீட்டுக்கு இதை நான் பெரிய வசதியாக நினைக்கிறேன்.

முன்கணிப்பு இப்படி நடக்கிறது. வரியின் தொடக்கத்தில் ஓர் அலைக்குறி (~), பிறகு மாதந்தோறும் என்பதற்கான ஆங்கிலச் சொல், அதன் கீழே எந்தக் கணக்கிலிருந்து எதற்கு எவ்வளவு. வீட்டுச் செலவு, பால் பணம் இரண்டுக்கும் இப்படி ஒவ்வொரு விதி. முன்கணிப்புத் தேர்வைக் கொடுத்து ஓட்டினால், வரப்போகும் பதிவுகளை அதுவே உருவாக்கி, ஒவ்வொரு நாளும் இருப்பு எவ்வளவு என்று வரிசையாகக் காட்டுகிறது. உண்மைப் பதிவு எழுதிய தேதி வரை கணிப்பு தானே விலகிக்கொள்ளும். நடந்ததும் நடக்கப் போவதும் கலப்பதில்லை.

மூன்று இடங்களில் நான் தடுக்கினேன். கணக்குப் பெயருக்கும் தொகைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு இடைவெளி வேண்டும். ஒன்று மட்டும் விட்டால் தொகையையும் பெயரோடு சேர்த்துப் படித்துவிடும். இரண்டாவது, நாள் எதுவும் குறிப்பிடாவிட்டால் கணிப்பு இன்றிலிருந்து 180 நாளோடு நின்றுவிடும். ஜூனில் பார்த்தால் நவம்பர் கடைசி வரைதான் தெரியும். மாசியில் வரும் தாளடிப் பணமும், சங்கத்துக் கடன் தவணையும் அதற்கு வெளியே போய்விடும். முடிவு நாளை மார்ச் கடைசி என்று கொடுங்கள். தவணைத் தேதிக்குள் கட்டினால்தான் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை, அந்தத் தேதி கண்ணில் பட்டே ஆக வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது. தாளடிச் செலவை அக்டோபர் 10 என்று முன்தேதியிட்டுச் சாதாரணப் பதிவாக எழுதிவிட்டேன். கோப்பில் கடைசியாக உள்ள சாதாரணப் பதிவுக்கு மறுநாளிலிருந்துதான் கணிப்பு தொடங்கும் என்பது விதி. அதனால் ஜூலை முதல் அக்டோபர் வரை வீட்டுச் செலவே இல்லாதது போல இருப்பு கொழுத்துத் தெரிந்தது. ஒரே ஒருமுறை வரும் செலவையும் அலைக்குறியோடு அந்த ஒரு தேதிக்கான விதியாக எழுதினால் சரியாகிவிடும்.

இப்போது முக்கியமான இடம். நடந்த கணக்கு ஒரு கோப்பு. அதற்கு மேல் மூன்று சின்னக் கோப்புகள், ஒவ்வொன்றும் நடந்த கணக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒன்றில் பாசனத் தண்ணீர் தரும் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து நெல் பணம் அக்டோபர் 3-இல் வருகிறது. இரண்டாவதில் எல்லாம் அப்படியே, பணம் மட்டும் 23-இல். மூன்றாவதில் குறுவையே இல்லை, நேராக ஒரே போகமாகச் சம்பா. இது வெறும் கற்பனை இல்லை. 2022-இல் அணை மே 24-ஆம் தேதியே திறந்தது, 2023-இல் ஜூன் 12, 2024-இல் ஜூலை 28, 2025-இல் மறுபடி ஜூன் 12. நான்கு வருஷத்தில் மூன்று விதம். ஒரே ஒரு எதிர்காலத்தை மட்டும் காட்டும் மென்பொருள் இந்த மண்ணில் பாதி வேலையைத்தான் செய்கிறது.

குறை என்ன? கட்டளைத் திரையில் தமிழ் எழுத்துகள் சீராக நிற்பதில்லை, பத்திகள் கோணிப் போகின்றன. எச்லெட்ஜர் வெப் என்ற அதன் இணைய முகத்தைப் பிரவுசரில் திறந்தால் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது, பதிவு சேர்க்கப் படிவமும் உண்டு. அழகு குறைவுதான். அதற்குக் கடவுச்சொல் பாதுகாப்பு கிடையாது என்பதை மறக்க வேண்டாம். அதை ஒருபோதும் நேராக இணையத்தில் திறந்துவிடாதீர்கள். வீட்டு வைஃபைக்குள்ளோ டெய்ல்ஸ்கேலுக்குள்ளோ மட்டும் இருக்கட்டும்.

சர்வரே வேண்டாம், ஒரே கணினியில் ஒருவர் மட்டும் பார்த்தால் போதும் என்பவர்கள் கேமைமணியைப் பார்க்கலாம். முன்கணிப்புக்கென்றே அதில் தனிப் பக்கம் இருக்கிறது. கடந்த மாதங்களின் போக்கை வைத்துக் கணிக்கும் தேர்வை மட்டும் தவிர்த்து, அட்டவணையிட்ட பதிவுகளை வைத்துக் கணிப்பதைத் தேர்ந்தெடுங்கள். வருஷத்துக்கு இரண்டே முறை பணம் வரும் வீட்டில் சராசரிக்கு அர்த்தம் இல்லை.

எதில் ஓட்டுவது

எங்கள் வீட்டில் ஓடுவது ஏழெட்டு வருஷப் பழைய லேப்டாப். அதன் பேட்டரி இன்னும் ஒரு மணி நேரம் தாங்குகிறது, அதுவே யுபிஎஸ். ராஸ்பெர்ரி பை வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அடிக்கடி மின்சாரம் போய் வரும் இடத்தில் மெமரி கார்டு கெட்டுப்போகும் அபாயம் அதில் உண்டு. வாங்கினால் எஸ்எஸ்டியும் சின்ன யுபிஎஸ்ஸும் சேர்த்தே வாங்குங்கள். காப்பு நகல் ஒன்று பென் டிரைவில், ஒன்று தஞ்சாவூரில் என் வீட்டில். எழுத்துக் கோப்பு என்பதால் வருஷக் கணக்கு முழுவதும் ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது.

எங்கள் முடிவு

அக்கா வீட்டுக்கு எச்லெட்ஜர். விதிகளை நான் எழுதினேன். வரவு செலவை அவள் போனில் படிவத்தில் போடுகிறாள். மூன்று கோப்புகளிலும் தேதிகளை மேலே சேர்த்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறேன். இரண்டாவது வாரமே அவளாகவே ஒரு தேதியைத் திருத்திப் பார்த்தாள். "அப்போ பணம் 8-ஆம் தேதி வந்தாக்கூட நடுவுல ஏழாயிரம்தான் குறையும், சமாளிச்சிடலாம், அதத் தாண்டினாத்தான் கஷ்டம்" என்றாள். அத்தானிடம் ஆடியிலேயே பேசி, தாளடி உரத்தின் ஒரு பகுதியைக் கடையில் தவணை சொல்லி வைத்தார்கள். அடகுக்கடைப் படியில் நின்றுகொண்டு யோசிப்பதற்கும், இரண்டு மாதம் முன்பே உட்கார்ந்து பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்துக்காகத்தான் நான் இவ்வளவு மெனக்கெட்டேன்.

உங்கள் வீட்டில் மாதச் சம்பளம்தான் பெரிய வரவு, நிலம் பக்கத் துணை என்றால் ஆக்சுவலை எடுங்கள், அதிலேயே இருங்கள். கட்டளைத் திரையைக் கண்டால் யாருக்கும் பிடிக்காது, உதவவும் ஆள் இல்லை என்றால் அட்டவணையே நல்லது. இரண்டு மென்பொருளை ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். ஒரே செலவை இரண்டு இடத்தில் எழுத எந்த வீட்டிலும் மூன்று வாரத்துக்கு மேல் பொறுமை இருக்காது.

தொடங்குவதற்குப் பழைய கணக்கையெல்லாம் ஏற்ற வேண்டியதில்லை. இன்றைய இருப்பு, வரப்போகும் பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். பிஎம் கிசான் தவணை 2,000 ரூபாயை நாங்கள் கணிப்பில் சேர்த்திருக்கிறோம், ஆனால் எதிர்பார்க்கும் மாதத்துக்கு ஒரு மாதம் தள்ளியே போட்டிருக்கிறோம். பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு நாம் கட்டும் ஒன்றரை சதவீத பிரீமியம் செலவுப் பக்கம் தேதியோடு இருக்கிறது. அதன் இழப்பீட்டையோ வெள்ள நிவாரணத்தையோ எந்தக் கோப்பிலும் வரவாக எழுதவில்லை. அவை வங்கியில் ஏறிய அன்றைக்குத்தான் எழுதுவது என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள்.